கரப்புடுப்பும் ஸ்பிரே பெயிண்டும்

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு இலங்கையின் மதில்களுக்குத் திடீர் யோகம் அடித்தது. டியூஷன் விளம்பரமும் மரண அறிவித்தலும் வேட்பாளரின் விருப்பிலக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்த சுவர்களை இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்து சுரண்டினார்கள், வெள்ளையடித்தார்கள், படம் வரைந்தார்கள். சில வாரங்களுக்குள் பண்டைய அரசர்களும் குளக்கட்டுகளும் யானைகளும் படைவீரர்களும் தெருவோரமெங்கும் எழுந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தமிழ் இளைஞர்கள் தங்கள் பங்குக்குத் தூரிகை எடுத்தார்கள். அந்த உற்சாகத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்களுக்கு, வெளியே வந்து சேர்ந்து ஏதாவது செய்வதே ஒரு ஆறுதலாக இருந்தது.

விமர்சனமும் கூடவே வந்தது. சுவரில் வரையப்பட்ட ‘எங்கள் பாரம்பரியம்’ யாருடையது என்று பலர் கேட்டார்கள். போர் வெற்றியையும் மன்னர் காலத்தையும் கொண்டாடும் படங்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எப்படித் தெரியும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி அதிகம் பேசப்படாமல் கிடந்தது. எந்தச் சமூகம் வரைந்தாலும், மரபு என்றவுடன் கைக்கு வருவது ஒரு பட்டியல்தான். வடக்கென்றால் பனையும் யாழும், மட்டக்களப்பென்றால் மீனும் கடற்கன்னியும் கூத்து முடியும். மரபுக்குள் இருந்து எடுக்க வேண்டியது இந்த உருவங்களா, அல்லது அவற்றை உண்டாக்கிய வேலைமுறையா? தெருவோவியத்தையும் டிஜிட்டல் கலையையும் பழைய கலைகளோடு இணைக்க முயலும் எல்லோரையும் மடக்கும் கேள்வி இது. கல்லடியில் நின்று பார்த்தால் அது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

ஏன் கல்லடி? மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவிலிருந்து வாவியைக் கடந்தால் வரும் ஊர் இது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே ஒடுங்கிய மணல்நிலம். 1920களில் பிரித்தானிய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் கட்டப்பட்ட இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு பழையது நடப்பவர்களுக்கானதாகிவிட்டது. நிலாக் காலத்தில் இந்தப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துத்தான் ‘பாடும் மீன்’ கேட்பார்கள். 1950களில் இயேசு சபையைச் சேர்ந்த அமெரிக்கப் பாதிரியார் லாங் அந்த ஒலியை ஒலிப்பதிவு செய்தார். அதுவரை செவிவழிச் சேதியாக இருந்த ஊர்ப் பெருமையைக் கருவியால் பிடித்து வைக்கும் முயற்சி கல்லடியில் அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அதற்கும் முந்திய ஒரு முயற்சியின் நினைவும் இதே ஊரில் இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் உள்ளது. அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ வழக்கொழிந்து போன ஒரு வாத்தியத்தை இலக்கியச் சான்றுகளோடு கணக்கையும் சேர்த்து மீட்கப் பார்த்தது. நரம்புகளின் சுரத்தானங்களை எண்களாகப் பிரித்து ஆராய்ந்தவர் அவர். நூல் வெளிவந்த அதே ஆண்டு ஜூலையில் மறைந்துவிட்டார். யாழை ஓர் அலங்காரச் சின்னமாக அட்டைப்படத்தில் போட்டுவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் ‘இது எப்படி ஒலித்திருக்கும்’ என்று கேட்டுப் பதினாலு வருடம் அளவில் உழைத்தார். மரபோடு தொழில்நுட்பத்தைச் சேர்ப்பது பற்றிப் பேசும் இன்றைய கலை மாணவர் வெளியூர் முன்மாதிரி தேடிப் போகும் முன் இந்தச் சமாதியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

அவர் பெயரைத் தாங்கிய சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் கல்லடியில்தான் இயங்குகிறது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இசை, நடனம், நாடகத்தோடு கட்புல, தொழில்நுட்பக் கலைகளும் இங்கே பட்டப்படிப்பு. மத்தளச் சத்தம் கேட்கும் வளவிலேயே கணினித் திரையில் வரையும் மாணவரும் இருக்கிறார். இந்த அயல்வாசம் எல்லாக் கலைக்கல்லூரிக்கும் வாய்ப்பதில்லை.

இனிக் கூத்துக்கு வருவோம். மட்டக்களப்பின் மரபுக் கலை என்றால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பெரும் பிரிவுகளில், வடமோடி அரசர்களின் கிரீடமும் கரப்புடுப்பும் பார்த்தவர் கண்ணில் பதிந்துவிடும். இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் அந்த உடுப்பும், வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் மினுங்கும் முடியும் சுவரோவியத்துக்கு என்றே செய்து வைத்தது போல இருக்கும். தட்டையான பளிச்சென்ற நிறம், தெளிவான வெளிக்கோடு, தூரத்திலிருந்தே ஆள் யாரென்று தெரியும் உருவம். கிராபிட்டி கலைஞன் வருடக்கணக்கில் பழகும் விதிகளை எல்லாம் ஊர் உடுப்புக்காரர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். ஆகவே சுவரில் வரைய விரும்பும் இளைஞர் முதலில் இதைத் தொடுவது இயல்புதான்.

கூத்தின் கதை ஆனால் உடுப்பில் தொடங்குவதில்லை. ஊர் கூடி எந்தக் கூத்து என்று தீர்மானிக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, அவரவர் பாத்திரத்துக்கான சட்டம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். இடையிடையே கிழமைக் கூத்து. சதங்கை அணியும் நாள் ஒன்று, அடுக்குப் பார்க்கும் நாள் ஒன்று. கடைசியில் வட்டக் களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். களரியைச் சுற்றி இருப்பவர்கள் ஆடுகிறவரின் மாமனோ மச்சானோதான். பிழைவிட்டால் உடனே சொல்வார்கள். உடுப்புக் கட்டும் ஆரவாரம் இந்த நீண்ட உழைப்பின் கடைசிக் கட்டம். சுவரில் நாம் பார்க்கும் கிரீடம் அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட ஒரு பொருள்.

கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த வரலாறே இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். இரவு முழுதும் ஆடும் கூத்து ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. மூன்று பக்கம் மூடிய படச்சட்ட மேடைக்கு ஏற்ப ஆட்டம் திரும்பியது. ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியரானார். ‘இராவணேச’னைப் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்தார். கிராமத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டதைத் தமிழரின் தேசியக் கலை என்று நகரத்தைப் பார்க்க வைத்தது அந்த முயற்சிதான். அந்த நன்றியை மறுப்பவர் குறைவு.

எதிர்க் கேள்வி 2000களில் உரத்து வந்தது. நிறுவகத்தோடும் ‘மூன்றாவது கண்’ உள்ளூர் அறிவுத்திறன் செயற்பாட்டுக் குழுவோடும் பெயர் இணைந்த சி. ஜெயசங்கர், சீலாமுனையில் ஊர்மக்களோடு சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற வேலையைத் தொடங்கினார். கூத்தை நகரத்துக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தி எடுத்துப் போகும் வழியை அவர் ஏற்கவில்லை. களரி ஊரிலேயே இருக்கட்டும். அண்ணாவியாரும் ஆடுபவரும் பார்ப்பவரும் உட்கார்ந்து பேசட்டும். பெண்ணை இழிவுபடுத்தும் வரி வந்தால், சாதியைத் தூக்கிப் பிடிக்கும் இடம் வந்தால், அதை மாற்றுவதா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த அரங்கில் பெண்கள் எங்கே நிற்பார்கள் என்ற விவாதமும் அப்படித்தான் ஊருக்குள் வந்தது.

இரண்டு அணியினரும் கடுமையாகத் தர்க்கித்தார்கள், இன்னும் தர்க்கிக்கிறார்கள். அந்த வாதப் பிரதிவாதத்தில் யார் வென்றார் என்பது இங்கே முக்கியமில்லை. தெருவோவியருக்கும் டிஜிட்டல் கலைஞருக்கும் முன்னால் இன்று இருக்கும் இரண்டு பாதைகளையும் கூத்துக்காரர் ஏற்கெனவே நடந்து பார்த்துவிட்டார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது. உருவத்தைக் கழற்றி வேறு ஊடகத்தில் பொருத்துவது ஒரு பாதை. உண்டாக்கும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்ற ஊரிடம் விடுவது மற்றது.

இந்த இரண்டாவது பாதையின் சாயல் மட்டக்களப்பின் கட்புலக் கலைஞர் சிலரிடம் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்குவிடம் பயின்று மட்டக்களப்பில் வேலை செய்துவரும் கமலா வாசுகியின் படங்களில் பெண்ணுடல் பலமுறை மரமாகவும் வேராகவும் வரும். அவருடைய கோடுகள் பெண்கள் அமைப்புகளின் சுவரொட்டியிலும் பதாகையிலும் ஏறி வீதிக்கு வந்தவை. ‘மூன்றாவது கண்’ணோடு சேர்ந்து இயங்கிய சுசிமன் நிர்மலவாசன் போரையும் இடப்பெயர்வையும் பெண்களின் அன்றாடத்தையும் வரைபவர். இவர்கள் இருவரும் கூத்து முடியையோ மீனையோ முத்திரையாக வைத்துப் பிழைக்கவில்லை. ஆனால் யாரோடு சேர்ந்து, யார் முன்னால், எந்த இடத்தில் காட்டுவது என்ற கேள்வியை விடவும் இல்லை.

பாக்கியராஜா புஷ்பகாந்தனின் வேலை இன்னும் ஒரு படி விலகி நிற்கிறது. 1989இல் பிறந்தவர், நிறுவகத்தில் கற்பிப்பவர். அவருடைய நுணுக்கமான கோட்டோவியங்களிலும் காணொளிகளிலும் செடி, வேர், காயம்பட்ட தசை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வரும். காணாமலாக்கப்பட்டவர்களும் புண்பட்ட நிலமும் மீண்டும் மீண்டும் வரும் பொருள்கள். இதில் மரபு எங்கே என்று ஒருவர் கேட்கலாம். 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறுவகத்தில் ஓவியம் கற்பிக்கும் ஒருவருக்கு, கூத்தும் கண்ணகிக்குப் பாடும் குளிர்த்தியும் மட்டும்தான் வழிவழி வந்தது என்று எப்படிச் சொல்வது? கிழக்கில் காத்திருத்தலும் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறிய ஒன்று. பாரம்பரியம் என்ற பெயரில் மதிலில் வரும் பளபளப்பான படங்களில் இந்தப் பகுதி மட்டும் விடுபட்டுப் போகிறது.

தெருவோவியம் ஊரிலிருந்து முளைக்கக்கூடும் என்பதற்கு நாட்டுக்குள்ளேயே நல்ல உதாரணம் கொழும்பு கொம்பனித்தெரு. மாடிக் குடியிருப்புகளும் கோபுரங்களும் வந்து பழைய குடிகளை நெருக்கிய அந்தப் பகுதியில் ஃபிரி ரஹ்மான், விக்கி ஷாஜஹான், பரிலோஜிதன் இராமநாதன் முதலியோர் 2018 அளவில் ‘நாங்கள் இங்கிருந்துதான்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அங்கே வாழ்பவர்களின் கதை, நிழற்படம், முகம் ஆகியவை சுவருக்கு வந்தன. விக்கி ஷாஜஹான் மருதாணிக் கோலத்தின் கைப்பழக்கத்தைப் பேனாக் கோட்டுக்கு மாற்றி, ஊரின் கதவையும் சன்னலையும் வரைந்தவர். மருதாணியை வரைந்தார் என்று சொல்வதைவிட, மருதாணி போடும் கையால் தெருவை வரைந்தார் என்பதே சரி. கிழக்கில் இதற்கு இணையான கைப்பழக்கங்கள் நிறைய உண்டு. குருத்தோலை தோரணம் கிழிப்பது, மடை பரப்புவது, பன்பாயில் வண்ணம் மாற்றிப் பின்னுவது. பாய் இழைக்கும் முஸ்லிம் பெண்ணின் கணக்கு, கணினித் திரையின் சதுரப் புள்ளிகளுக்கு மிக நெருக்கமானது. அதைத் தொட்டு ஒரு டிஜிட்டல் வேலை செய்ய வேண்டும் என்று யாராவது ஒரு மாணவருக்கு ஆசை வந்தால் நன்றாக இருக்கும்.

மரபு, டிஜிட்டல், தெரு மூன்றையும் ஒரே கையில் சேர்த்த தமிழ்க் கலைஞர் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருபவர் ஓஷீன் சிவா. திருவண்ணாமலையில் வேர்கொண்டவர், கோவாவிலிருந்து வேலை செய்கிறார். தலித், தமிழ் அடையாளங்களை முன்னால் வைத்தே தன் கலையைப் பேசுபவர். அவருடைய உலகில் பல கையுள்ள பெண்கள் வருவார்கள். கோயில் நகை போட்டிருப்பார்கள். ஆனால் நிற்கும் இடம் வேற்றுக் கிரகம் போல இருக்கும். ஊதாவும் இளஞ்சிவப்பும் மின்சாரப் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். புராணமும் அறிவியல் புனைகதையும் காமிக்ஸும் கலந்த இந்த உருவங்கள் முதலில் திரையில் பிறந்து பிறகு பல மாடிச் சுவருக்குத் தாவுகின்றன. ஒரு காலத்தில் கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வழிவந்த கை, கோயிலின் ஆபரணத்தை எடுத்து எதிர்காலப் பெண்ணுக்குப் பூட்டுகிறது. இங்கே உருவத்தைக் கழற்றி எடுப்பதே ஓர் உரிமைக்குரல். ஆகவே ‘உருவம் எடுத்தால் மேலோட்டம், முறை எடுத்தால் ஆழம்’ என்று சட்டம் போட்டுவிட முடியாது. எடுப்பவருக்கும் எடுக்கப்படுவதற்கும் இடையில் என்ன பழைய கணக்கு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓஷீன் சிவா வரைந்த சுவர்களில் ஒன்று சென்னைக் கண்ணகி நகரில் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயிண்ட்ஸ், சென்னை மாநகராட்சி ஆகியவை சேர்ந்து அந்த மறுகுடியமர்வுப் பகுதியை ‘கலை மாவட்டம்’ ஆக்கின. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளுக்காக 2000ஆம் ஆண்டளவில் எழுந்த குடியிருப்பு அது. 15,000க்கு மேற்பட்ட வீடுகள். சென்னைச் சுவரோவியர் ஏ-கில் அந்தப் பகுதிச் சிறுவர்களின் முகத்தைக் கட்டட அளவில் வரைந்தார். கண்ணகி நகர் என்றாலே குற்றம் என்று எழுதிவந்த பத்திரிகைகள் முதல்முறையாக வண்ணப் படம் போட்டன. முகவரியைச் சொன்னால் வேலை தர மறுக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் புலம்பிய இளைஞர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் தண்ணீர், வேலை, தூரம் ஆகிய பிரச்சினைகள் சுவருக்குப் பின்னால் அப்படியே இருந்தன. பெயிண்ட் நிறுவனத்துக்குச் சுவர் விளம்பரமாகிறது என்ற குறையும் உண்டு. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கத் தேவையில்லை.

மட்டக்களப்பு வாசகருக்கு இந்த ஊர்ப் பெயர் வேறுவிதமாகவும் படும். இங்கே கண்ணகி தெய்வம். வைகாசியில் கதவு திறந்து, சடங்கு செய்து, கடைசியில் குளிர்த்தி பாடி அவள் கோபத்தைத் தணிப்பார்கள். வீட்டை இழந்தவர்களைக் குடியேற்றிய இடத்துக்கு அவள் பெயரை வைத்த அதிகாரி இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்.

புலம்பெயர் தமிழரில் இந்தத் துறைக்கு மிகப் பெரிய பெயர் எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம். பாடகியாக உலகம் அறியும் முன்பே அவர் ஓவியர். 1975இல் லண்டனில் பிறந்து, சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1980களின் நடுவில் அகதியாக லண்டன் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்தார். 2001இல் லண்டனில் வைத்த முதல் கண்காட்சியில் அச்சு வெட்டி ஸ்பிரே அடித்த புலிகளும் பனைமரங்களும் டாங்கிகளும் சாக்கலேட் தாள் நிறங்களில் இருந்தன. லண்டன் தெருவின் கைவேலையில் ஈழத்துப் போரை யாரும் அதுவரை அப்படி வரைந்ததில்லை. பிறகு வந்த இசைத்தட்டு உறைகளிலும் இதே சேர்க்கை. 2010இல் வெளிவந்த ‘மாயா’வின் உறையில் அவர் முகத்தை யூடியூப் காணொளிப் பட்டைகள் மூடியிருக்கும். தகவல் பெருக்கமே முகத்தை மறைக்கிறது என்பதை அத்தனை ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தில் சொல்லிவிட்டார்.

அந்த அச்சுப் படங்களைக் கல்லடியில் ஒரு சுவரில் அடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. லண்டனில் புலி ஓர் எதிர்ப்புச் சின்னம், அல்லது ஃபேஷன். கிழக்கில் 2004 மார்ச்சில் புலிகள் இயக்கமே இரண்டாகப் பிளந்தது. அடுத்த மாதம் வெருகலில் தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டார்கள். தெருவில் முஸ்லிம் அயலவரும் நடப்பார். அவருக்கு 1990 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை நினைவு வரும். புலனாய்வுக்காரரும் நடப்பார். காட்சிக்கூடத்துச் சுவரில் ஒரே பொருள் தந்த படம், இங்கே ஒவ்வொரு வழிப்போக்கருக்கும் ஒவ்வொரு பொருள் தரும். எம்.ஐ.ஏ.யின் கலையைக் குறைத்துச் சொல்ல இது ஒரு காரணமில்லை. தெருவோவியத்தில் தெருவும் ஒரு பகுதி. தெருவை மாற்றினால் ஓவியமும் மாறிவிடும்.

டிஜிட்டல் என்றதும் நினைப்பு உடனே காட்சிக்கூடங்களுக்கும் 2021இல் பரபரப்பாகி அடங்கிய என்எஃப்டி சந்தைக்கும் போகிறது. மட்டக்களப்பில் டிஜிட்டல் மரபுக் கலை ஏற்கெனவே நாள்தோறும் தயாராகிறது. அதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான் விஷயம். பேனர் அடிக்கும் கடைக்குப் போய்ப் பார்க்கலாம். கோயில் திருவிழா பேனரில் அம்பாள் பின்னால் ஒளிவட்டம், முன்னால் பத்து அனுசரணையாளர் முகம். நினைவஞ்சலியில் இறந்தவர் மேகத்துக்கு மேல் நிற்பார், பக்கத்தில் அணையாத விளக்கு. தமிழ்நாட்டில் கையால் பேனர் வரைந்த ஓவியர்களின் பிழைப்பை 2000களில் பிளெக்ஸ் விழுங்கியது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கலைஞர்களின் நிறப் பித்தும் முகப் பித்தும் கணினிக்குள் குடிபுகுந்துவிட்டதை அத்தனை பேர் கவனிக்கவில்லை. கலைக்கல்லூரிகள் இந்த பேனர்காரரை அலட்சியப்படுத்துவது, முன்பு பல்கலைக்கழகங்கள் அண்ணாவியாரை அலட்சியப்படுத்திய அதே வகை அலட்சியம்.

எழுத்துருவிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘பவனம்’, ‘கவிவனார்’ ஆகிய தமிழ் எழுத்துருக்கள் கூகுள் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையெழுத்தின் நெளிவு திரைக்கு வந்தது. தமிழ் எழுத்து சுவரில் பெரிதாக எழுவது நமக்குப் புதிதுமில்லை, கட்சிச் சின்னத்தோடு பழகிய கண்தான். பிரெஞ்சு–துனிசியக் கலைஞர் எல் சீட் 2016இல் கெய்ரோவின் குப்பை சேகரிப்போர் குடியிருப்பில் ஏறக்குறைய 50 கட்டடங்களில் பிரித்து எழுதிய அரபு வரி, எதிரிலுள்ள மலையில் ஓரிடத்தில் நின்றால்தான் முழுதாகத் தெரியும். அரபெழுத்துக்கு அப்படி ஒரு பெருமை தேடிக்கொள்ள முடிந்திருக்கிறது. வட்டெழுத்தும் ஏட்டெழுத்தும் கூத்து ஏடுகளின் கூட்டெழுத்தும் வைத்திருக்கும் தமிழில் சுவரெழுத்து இன்னும் தேர்தலையும் கோழிக்கடையையும் தாண்டவில்லை.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்த பிறகு உருவம் எடுக்கும் பாதை இன்னும் மலிந்துவிட்டது. ‘கூத்து அரசன்’ என்று கேட்டால் கதகளியையும் தெருக்கூத்தையும் கண்டிய நடனத்தையும் கலந்து ஒரு முடிசூடியை அது தந்துவிடும். கரப்புடுப்பு இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு பாவாடை இருக்கும். இணையத்தில் மட்டக்களப்புக் கூத்தின் ஒழுங்கான படங்களும் விளக்கங்களும் குறைவாக இருப்பதே காரணம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கி, பின்னர் ஒலி, ஒளி, வாய்மொழி வரலாறு வரை கையை நீட்டியது. அந்த வகையான வேலை கூத்து உடுப்புக்கும் நடக்க வேண்டும். எத்தனை அடுக்கு, எந்த மரம், எந்த நிறம் எந்தப் பாத்திரத்துக்கு, கட்டியவர் யார், என்ன கூலி என்று.

கூலி என்ற சொல் வந்ததால் ஒரு விஷயம். சுவரோவியத்துக்கு அனுசரணை கிடைத்தால் வரைந்தவரின் இன்ஸ்டாகிராம் பெயர் சுவரின் மூலையில் இருக்கும். பெயிண்ட் நிறுவனத்தின் சின்னம் அதற்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முடியைத் தலைமுறையாகக் கட்டிவந்த குடும்பத்தின் பெயருக்கு இடம் இருப்பதில்லை. ஒரு கூத்தில் களரிகட்டியவர் முதல் சல்லரி போட்டவர் வரை யார் என்று ஊருக்குத் தெரியும். சுவருக்கு வந்ததும் அது ‘மட்டக்களப்புப் பாரம்பரியம்’ என்ற பொதுச் சொத்தாகிவிடுகிறது. பெயரைச் சேர்ப்பதற்கு ஒரு கை பெயிண்ட் போதும். பணத்தில் பங்கு கொடுப்பதுதான் கஷ்டம்.

கல்லடிக்கென்று நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. கடல் காற்றின் உப்பு சீமெந்துப் பூச்சைப் பொரியவைக்கும். மாரி மழை இரண்டு பார்த்த சுவரில் நிறம் நிற்பது அரிது. அடியில் நல்ல பிரைமர் அடிக்காமல் வரைந்த 2019 படங்கள் எத்தனையோ வெளிறிவிட்டன. இதைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. குருத்தோலைத் தோரணமும் மடையும் மறுநாள் வாடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அடுத்த வைகாசிக்கு வேறு கைகள் வேறு விதமாகச் செய்யும். ஆண்டுதோறும் ஒரே சுவரை வெள்ளையடித்து, அந்த ஆண்டு ஊர் பேச விரும்புவதை வரைவது என்று வைத்துக்கொண்டால் உப்புக்காற்று எதிரியாக இருக்காது.

கல்லடியில் அண்மையில் நடந்த மிக வலுவான தெருக்கலைக்குச் சுவரே தேவைப்படவில்லை. 2022இல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நாடு தள்ளாடியபோது, மட்டக்களப்புப் பெண் செயற்பாட்டாளர்களும் கலைஞர்களும் ‘நீதிக்கான நடைபயணம்’ தொடங்கினார்கள். கல்லடிப் பாலத்தடியிலிருந்து காந்தி பூங்கா வரை நாள்தோறும் நடந்தார்கள். கையால் எழுதிய, வரைந்த பதாகைகள். தாங்களே கட்டிய பாட்டுகள். கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்களும் சுவரோவியங்களும் உலக ஊடகங்களில் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. இங்கே இருந்தவர்கள் சில பத்துப் பேர். விலைவாசியோடு காணாமலாக்கப்பட்டோரையும் நிலத்தையும் வீட்டு வன்முறையையும் ஒரே வரிசையில் வைத்துப் பாடினார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாற்றினார்கள், சேர்த்தார்கள், விட்டார்கள். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து வீதி நாடகத்திலும் பாட்டிலும் வளர்த்த பழக்கம் அதற்குப் பின்னால் இருந்தது; கூத்துக்குப் பழகும் பழக்கமும் இருந்தது. பழைய உருவம் ஒன்றையும் அவர்கள் சுமந்து போகவில்லை. கூடிப் பழகுவது, ஊர் முன்னால் ஆடுவது, பிழை சொன்னால் திருத்துவது ஆகிய முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நடையின் காணொளிகள் இன்று பலருடைய கைப்பேசியிலும் முகநூல் பக்கங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசி மாறும்போது சில போகும், கணக்கு முடங்கினால் சில போகும். பதாகைத் துணிகள் யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியில் இருக்கலாம். அவற்றைத் தேடி எடுத்து, நடந்தவர்களிடமே கேட்டு நாளும் பாட்டும் எழுதி, பாலத்துக்கு அருகிலேயே இருக்கும் நிறுவகத்தின் கட்புலக்கலை மாணவர் இரண்டு பேர் ஒரு பட்டப்படிப்பு ஆண்டுக்குள் ஒழுங்குபடுத்திவிடலாம். அனுமதிக் கடிதமும் ஒரு வன்தட்டும் தேவைப்படும்.